நாவற்பழ நிறத்தில் ஒரு ரோஜா



ஓசூரிலிருந்து தளி செல்லும் சாலையில் பயணம் செய்திருப்பீர்களானால், பிளாஸ்டிக் கூரையிட்ட பசுமைக் குடில்களைக் கண்டிருப்பீர்கள். அமுதகொண்டப்பள்ளியில் டிட்கோ நிறுவனத்தின் பங்கேற்புடன் அமைந்த டான்ஃப்ளோரா மலர்ப் பூங்கா முதல் சிறு விவசாயிகளின் குடில்கள் வரை எங்கும் ரோஜாதான். பிப்ரவரி மாதம் நெருங்கினால் இங்கிருந்து வெளிநாடுகளுக்குப் பெட்டி பெட்டியாக ஏற்றுமதி நடைபெறும். அவற்றுள் பெரும்பங்கு வகிப்பது 'தாஜ்மஹால்' என்னும் சிவப்பு ரோஜா. பெயரும் அழகு, நிறமும் அழகு. ஆனால் அம்மலரை மூக்கருகே கொண்டு சென்று பாருங்கள். மணம் அநேகமாக இராது.

இதற்குக் காரணம் உண்டு. நீண்ட காம்பு, குவளையில் பல நாள் வாடாமல் நிற்கும் இதழ், விமானப் பயணத்தைத் தாங்கும் உறுதி ஆகியவற்றையே முதன்மையாக நாடி இக்கொய்மலர் வகைகளை உருவாக்கினார்கள். அந்தத் தேர்வில் மணம் தவறிப் போயிற்று. ரோஜாவின் நறுமணப் பொருள்களுள் முக்கியமான ஜெரானியால் உருவாவதற்கு இதழிலுள்ள ஒரு குறிப்பிட்ட நொதி தேவை என்பதையும், மணமற்ற வகைகளில் அந்நொதி மிகக் குறைவாகவே செயல்படுகிறது என்பதையும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

மணம் இல்லாமற் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். விட முடியாத விஷயம் ஒன்று உண்டு. நம் இல்லங்களில் ரோஜா இதழைக் கண்ணுக்கு மட்டுமா பயன்படுத்துகிறோம்? குல்கந்து கிளறுகிறோம், பாயசத்தின்மீதும் ஃபிர்னியின்மீதும் தூவுகிறோம், குழந்தைகள் இதழைப் பிய்த்து வாயில் போட்டுக் கொள்வதையும் பார்த்துக் கொண்டிருக்கிறோம். விற்பனைக்கான கொய்மலர் உண்பதற்காக வளர்க்கப்படுவதன்று. சிலந்திப் பூச்சிக்கும், இலைப்பேனுக்கும், சாம்பல் நோய்க்கும் மாறி மாறி மருந்து தெளித்தே அதைக் காப்பாற்றுகிறார்கள். விவசாயியைக் குறை கூறுவதற்கில்லை. இதழில் ஒரு புள்ளி விழுந்தாலும் சந்தையில் அது கழிவுதான். ஆனால் அந்த இதழைக் கழுவிவிட்டால் போதும் என்று எண்ணி குல்கந்து செய்யாதீர்கள். செடியின் உள்ளே ஊடுருவிச் செல்லும் மருந்துகள் கழுவினால் போகமாட்டா.

ஆகவே வீட்டுக்கு ஒரு மணமுள்ள ரோஜா. சிப்காட் பகுதியின் வாடகைக் குடியிருப்புகளில் வாழ்வோருக்கு முற்றம் ஏது என்று கேட்பீர்கள். ஒரு தொட்டி வைக்க இடமும், காலை வெயில் ஐந்தாறு மணி நேரமும் இருந்தால் போதும். அதற்கு ஏற்றது ஃப்ளோரிபண்டா என்னும் இனம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த பௌல்சன் குடும்பத்தார், கொத்துக் கொத்தாகப் பூக்கும் குட்டை ரோஜாவையும் பெரிய மலர் கொண்ட கலப்பின ரோஜாவையும் இணைத்து உருவாக்கத் தொடங்கிய வகை இது. செடி இடுப்பளவுக்கு மேல் அதிகம் வளராது. ஒரு காம்பில் ஒரு மலருக்குப் பதிலாக ஒரு கொத்தே வரும்.

அவற்றுள் ஊதா நிறமும் நறுமணமும் ஒருங்கே அமைந்தவை சிலவே. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 'ஏஞ்சல் ஃபேஸ்'. 1968இல் அமெரிக்காவில் ஸ்விம், வீக்ஸ் என்னும் இருவர் உருவாக்கி, மறு ஆண்டே அந்நாட்டின் தேர்வு விருதைப் பெற்றது. அலை அலையான இதழ். எலுமிச்சை கலந்தாற்போன்ற நல்ல மணம். 'இன்ட்ரிக்' என்பது அதனினும் ஆழ்ந்த நிறம். 1984இல் அதே விருதைப் பெற்றது. நம் நாட்டிலும், புதுடில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தார் 'நீலாம்பரி' என்னும் ஃப்ளோரிபண்டாவை வெளியிட்டுள்ளார்கள். பெயரில் நீலம் இருந்தாலும் மலர் வெளிர் ஊதாதான். நீல நிறத்துக்குரிய டெல்ஃபினிடின் என்னும் நிறமி ரோஜா இனத்திலேயே இல்லை.

இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக் கொண்டால் ஒரு மோசடியிலிருந்து தப்பலாம். 'நீல ரோஜா விதை' என்று வண்ணப்படம் ஒட்டிய பொட்டலங்கள் விற்கப்படுகின்றன. வாங்காதீர்கள். ஜப்பானில் சன்டோரி நிறுவனம் வேற்றுச் செடியின் மரபணுவைப் புகுத்தி, 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மலரே ஏறக்குறைய ஊதாவாகத்தான் இருந்தது. அன்றியும், பெயர்பெற்ற ரோஜா எதுவும் விதையிலிருந்து தன் குணம் மாறாமல் வளர்வதில்லை. ஒட்டுக்கட்டியோ பதியம் வைத்தோதான் பெருக்க வேண்டும்.

பெங்களூர் சாலையிலுள்ள நாற்றுப் பண்ணைகளில் வகையின் பெயர் கேட்டால் பலருக்குத் தெரியாது. நிறத்தைச் சொல்லிக் கேளுங்கள். நாம் நாவற்பழ நிறம் என்போம், நம் தக்கனி பேசும் வீடுகளில் ஜாமுனி என்பார்கள், கன்னடத்தில் நேரளெ. மூன்றும் அதே பழத்தைத்தான் சுட்டுகின்றன! ஆனால் சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். பூத்திருக்கும் செடியையே, காலை வெயில் ஏறுமுன் சென்று, முகர்ந்து பார்த்து வாங்குங்கள். நண்பகலில் நல்ல ரோஜாவும் மணம் குன்றியே இருக்கும். ஒட்டுப் பகுதி தடித்து, அதற்கு மேல் இரண்டு மூன்று உறுதியான கிளைகள் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள்.

தொட்டி ஓரடிக்குக் குறையாத அகலமும் ஆழமும் உடையதாக, அடியில் துளையுள்ளதாக இருக்கட்டும். செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய சாணம் ஒரு பங்கு, மணலும் தென்னை நார்க்கழிவும் சேர்ந்து ஒரு பங்கு. ஒரு கைப்பிடி எலும்புத்தூள் சேர்க்கலாம். அதைக் கடையில் வாங்குங்கள். குர்பானி எலும்பைப் பச்சையாகப் புதைத்தால் அது மக்குவதற்கு நெடுங்காலம் ஆகும். அதற்குள் நாயும் எலியும் தொட்டியைக் கிளறிவிடும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்குக் கீழிருந்து வீரியமாக ஒரு தளிர் கிளம்பினால் மகிழ்ந்து விடாதீர்கள். அது வேர்ச்செடியின் கிளை. விட்டுவைத்தால் ஓராண்டில் உங்கள் ஊதா ரோஜா மறைந்து, காட்டு ரோஜாதான் எஞ்சும். பிறந்த இடத்திலேயே பிய்த்தெடுங்கள்.

ஊதா மலருக்கு வெயில் ஒரு சோதனை. ஓசூர் மேட்டு நிலம். இரவு குளிர்ச்சி உண்டு. நிறம் நன்றாகப் பிடிக்கும். மலையிறங்கிக் கிருஷ்ணகிரிக்கு வந்தால் கதை வேறு. மாங்காய்க்கு உகந்த அந்த வெயிலில் ஊதா இதழ் ஒரே நாளில் வெளுத்துச் சாம்பல் பூத்துவிடும். அங்கே வசிப்போர் கிழக்குப் பார்த்த இடத்தில் தொட்டியை வைத்து, பிற்பகலில் நிழல் விழும்படி செய்யுங்கள்.

தண்ணீர்ப் பஞ்சம் நமக்குப் புதிதன்று. ஒளு செய்யும் நீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து வைத்தால், சோப்பு கலவாத அந்நீர் ஒரு தொட்டிக்குப் போதுமானது. ஆனால் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியேற்றும் நீரைத் தொடர்ந்து ஊற்றாதீர்கள். உப்பு சேர்ந்து சேர்ந்து இலையோரம் கருகிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரால் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது இரும்புச் சத்துக் குறைவு. மழைநீர் கிடைக்கும்போதெல்லாம் ஊற்றுங்கள். எந்த நீராயினும் வேருக்கே விடுங்கள். இலை நனைந்தபடி இருந்தால் மழைக்காலத்தில் கரும்புள்ளி நோய் வரும்.

பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல், கோடையில் சிலந்திக்கு இலையின் அடிப்புறம் படும்படி காலை வேளையில் தண்ணீர் பீய்ச்சுதல்: உண்ணும் நோக்கமுள்ள செடிக்கு இவற்றோடு நிறுத்திக் கொள்ளுங்கள். பண்ணையில் இருந்தபோது என்ன தெளித்தார்களோ தெரியாது. ஆகவே முதல் ஆறு மாத மலர்களை முகர்வதற்கு மட்டும் வைத்துக் கொள்ளுங்கள். பன்னீர் வடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-கிந்தி நறுமணப் பொருள்களை வடித்தெடுக்கும் முறைகளை எழுதி வைத்த காலந்தொட்டு, பன்னீருக்குப் புகழ் பெற்றது திமிஷ்க் நகரின் பெயர் தாங்கிய டமாஸ்க் ரோஜாவே. ஒரு தொட்டி ஊதா ரோஜாவிலிருந்து பன்னீர் எதிர்பார்ப்பது வீண் உழைப்பு. ஒரு சிறு கிண்ணம் குல்கந்துக்கு அது போதும்.

கவாத்து செய்வதற்கு அக்டோபர் மாதம் உகந்தது. கூரிய கத்தரியால், வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் தாமிரப் பூஞ்சைக்கொல்லிப் பசையைத் தடவுங்கள். இல்லையேல் நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். ஒவ்வொரு பூப்பும் முடிந்தபின் வாடிய கொத்தை இரண்டு இலைக்குக் கீழே நறுக்கினால் ஏறத்தாழ ஏழு வாரத்தில் மறு பூப்பு வரும். பெருநாளன்று மலர் வேண்டுமானால் அன்றிலிருந்து ஏழு வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். பிறை ஆண்டு பத்துப் பதினோரு நாள் முன்னகர்ந்து வருவதால் சென்ற ஆண்டின் தேதி உதவாது. நோன்புப் பெருநாளுக்கென்றால், ஷஃபான் மாதம் பிறந்து பத்து நாள் கழிந்ததும் கத்தரியை எடுக்க வேண்டியிருக்கும். கொத்தின் நடுவே முந்திக்கொண்டு தடிக்கும் முதல் மொட்டை மட்டும் கிள்ளிவிடுங்கள். மற்றவை ஒன்றாக மலரும்.