அப்பாவின் கண்ணாடியைக் கொஞ்சம் கழற்றிப் பாருங்கள்!

உங்கள் வீட்டில் கண்ணாடி போடுகிற பெரியவர் இருக்கிறாரா? அப்பாவோ, மாமியாரோ, யாராக இருந்தாலும் சரி... அவர் மத்தியானம் கண்ணயர்கிற நேரத்தில் அந்தக் கண்ணாடியை எடுத்து, டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். லென்ஸின் நடுவில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிகிறதா? அந்த வலை வழியாகத்தான் அவர் தினமும் பேப்பர் படிக்கிறார். இருட்டின பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடப்பதும் அதன் வழியாகத்தான். கேட்டால், "இன்னும் ஒரு வருஷம் ஓட்டிடலாம்மா, எதுக்கு வீண் செலவு?" என்பார்.

கீறல் எப்படி விழுந்தது? கீழே போட்டிருப்பார் என்பீர்கள். பெரும்பாலும் இல்லை. துடைத்துத் துடைத்தே விழுந்தது!

நம் தாத்தாக்கள் போட்டது நிஜமான கண்ணாடி லென்ஸ். கனமாக இருக்கும், மூக்கில் தழும்பு விழும், கீழே விழுந்தால் உடையும். ஆனால் லேசில் கீறாது. வேட்டி நுனியால் வருஷக்கணக்கில் துடைத்தும் தாக்குப் பிடித்தது. இன்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். அதில் ரொம்பப் பிரபலமான சி.ஆர்.39 என்ற ரகம் 1940-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களின் பெட்ரோல் டாங்கிக்குக்கூட உபயோகப்பட்டு, போர் முடிந்த பிறகு மூக்குக்கு வந்தது. எடை குறைவு, சுலபத்தில் உடையாது. ஆனால் மெத்தென்ற பொருள். லென்ஸ் மாறியும் நாம் இன்னும் வேட்டி நுனியையும் புடவைத் தலைப்பையும் விடவில்லை. கோளாறு அங்கேதான்.

அதுவும் நம் தாம்பரம், பல்லாவரம் பக்கத்துப் புழுதி இருக்கிறதே, சாதாரணப் புழுதி இல்லை. பரங்கிமலை, பல்லாவரம் கருங்கல் உலகப் பிரசித்தம், தெரியுமா? கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்துதான் 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் இந்தக் கல்லுக்கு 'சார்னக்கைட்' என்று பெயர் வைத்தார். அந்தக் கல்லே நம் ஊர்ப் பக்கத்திலிருந்து போனது என்பார்கள். இதில் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. கத்தியின் இரும்பையே கீறக்கூடிய சரக்கு! ஆற்று மணலிலும் அதுதான், கருங்கல்லை அரைத்து எடுக்கும் எம்.சாண்டிலும் அதுதான். தெருவுக்குத் தெரு ஃப்ளாட் கட்டுகிற ஊரில், மின்சார ரயில் வாசலில் நின்று வருகிறவரின் லென்ஸில் அந்தத் தூள் படியாமல் என்ன செய்யும்? அதை ஈரமில்லாமல், சட்டை நுனியால் அழுத்தித் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான்.

சரி, விழுந்த கீறலை எடுக்க முடியுமா? முடியாது. இதை நான் உறுதியாகவே சொல்வேன். டூத் பேஸ்ட், சமையல் சோடா, விபூதி என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். பேஸ்ட் பல்லைச் சுத்தம் செய்வதே அதிலுள்ள நுண்ணிய தூள் தேய்ப்பதால்தான். அதை லென்ஸில் வைத்துத் தேய்த்தால் ஒரு கோடு மங்கும், பத்து கோடு புதிதாக வரும். மேலே இருக்கிற கோட்டிங்கும் திட்டுத் திட்டாகப் போய்விடும். அந்தக் கூச்சம் குறைக்கும் பூச்சு தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இராது. கார் பாலீஷ் போடுகிறவர்களும் உண்டு. இரண்டு நாள் பளபளக்கும், அப்புறம் எண்ணெய் பூசின மாதிரி மங்கும்.

பழைய கீறலை விடுங்கள், புதிதாக விழாமல் பார்க்கலாம். முதலில் குழாயடியில் கண்ணாடியைக் காட்டுங்கள். புழுதி தண்ணீரோடு போகட்டும். பிறகு பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரே ஒரு சொட்டு (பவுடரோ சோப்புக் கட்டியோ கூடவே கூடாது), விரல் நுனியால் மெதுவாக. வெந்நீர் வேண்டாம், பூச்சு வெடித்துவிடும். வெயிலில் நிற்கிற காருக்குள் கண்ணாடியை விட்டு வருவதும் அதே கதைதான். நம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர். காய்ந்தால் வெள்ளை வெள்ளையாய் உப்பு படியும். அதனால் கடைசியாக ஒரு டம்ளர் கேன் தண்ணீர் விட்டு அலசிவிட்டு, கடையில் கொடுத்த மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள். அந்தத் துணியையும் அடிக்கடி துவைக்க வேண்டும் ஸார்! ஆறு மாதம் பையிலேயே கிடந்த துணியில் எத்தனை மண் இருக்கும்?

ஹெல்மெட் போடுகிறவர்கள் கண்ணாடியை முதலில் கழற்றிவிட்டு அப்புறம் ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். சாவி, சில்லறை இருக்கிற பாக்கெட்டில் கண்ணாடியைப் போடாதீர்கள். மேஜையில் லென்ஸ் தரையைப் பார்க்கிற மாதிரி கவிழ்க்காதீர்கள்.

கீறல் ஓரத்தில் இருந்தால் காலம் தள்ளலாம். பார்வை போகிற நடுவில் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். கீறின கண்ணாடியால் கண் கெட்டுப் போகாது, பயப்படாதீர்கள். ஆனால் எதிரே வருகிற பஸ்ஸின் ஹெட்லைட் வெளிச்சம் அந்தக் கோடுகளில் பட்டுச் சிதறும். வயதான கண்ணுக்கு ஏற்கெனவே கூச்சம் அதிகம். படி தெரியாமல் கால் வைத்து இடுப்பெலும்பு முறிந்தால், லென்ஸில் மிச்சம் பிடித்த பணம் எந்த மூலைக்கு?

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. "கண்ணாடிதான் கீறிப்போச்சு, அதான் மங்கலா இருக்கு" என்று எல்லாப் பழியையும் லென்ஸ் மேல் போட்டுவிட்டு, கண்புரையை இரண்டு மூன்று வருஷம் கவனிக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடியை நன்றாகக் கழுவிய பிறகும் புகை மூட்டமாகத் தெரிந்தால், கண்ணாடியைக் கழற்றினாலும் அந்த மூட்டம் போகவில்லையென்றால், கடைக்குப் போகுமுன் டாக்டரிடம் போங்கள். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, கூடவே கண்வலியும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். அது கண் அழுத்த நோயாக இருக்கலாம். காசு இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். தாம்பரத்தில் ரயில் ஏறினால், 1819-ல் ஆரம்பித்த அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது.

பவரைப் பரிசோதித்த பிறகுதான் லென்ஸ் மாற்றுவது. பிரேம் நன்றாக இருந்தால் அதையே கொடுத்து லென்ஸை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் புது பிரேம் நாலு எடுத்துக் காட்டத்தான் செய்வார், அவர் வியாபாரம் அது! நீங்கள் அந்தப் பணத்தை ஹார்ட் கோட்டிங்குக்குக் கொடுங்கள். அது போட்டால் கீறலே விழாது என்று அர்த்தமில்லை, சீக்கிரம் விழாது, அவ்வளவுதான். எத்தனை மாத கேரண்டி என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பழைய லென்ஸையும் கேட்டு வாங்கி வந்து, அப்பாவிடம் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழையதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அவர் வேட்டி நுனியை எடுக்க மாட்டார்.