அகராதியைப் பூட்டி வைக்காதீர்கள்!

"தலைப்பு" என்றால் என்ன?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுச் சிறுமியைக் கேளுங்கள். "புடவையின் முந்தி" என்பாள். வேறு ஊர்ப் பையனைக் கேளுங்கள். "பாடத்தின் பெயர்" என்பான்.

யார் சொன்னது சரி? இருவர் சொன்னதும் சரிதான்! இந்த வழக்கைத் தீர்த்து வைக்கும் நீதிபதி ஒருவர் உண்டு. அவர்தான் அகராதி.

அந்த நீதிபதியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். கடினமான சொல் வந்தால் ஆசிரியர் பொருளைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார். பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். தானே தேடிக் கண்டுபிடித்த சொல் அவ்வளவு எளிதில் மறக்குமா?

வீட்டில் கேட்க ஆள் இல்லை

படித்த வீட்டுப் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் அப்பாவைக் கேட்கும், அம்மாவைக் கேட்கும். தகப்பனார் தறியில் இருக்கிறார். தாயார் தார் சுற்றுகிறார். இருவரும் அதிகம் படித்ததில்லை. அந்த வீட்டுப் பிள்ளை யாரைக் கேட்கும்?

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோத்து நெய்ய, நெசவாளருக்குப் பக்கத்தில் ஓர் உதவியாள் வேண்டும். முன்னாளில் பல வீடுகளில் அந்த இடத்தில் சிறு பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். நாடாவைப் பிடித்த கை, புத்தகத்தைப் பிடிக்கவில்லை.

2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் படிப்பை உரிமை ஆக்கியது. நல்லது. ஆனால் பள்ளிக்கு வந்தால் மட்டும் போதுமா? புரியாத சொல்லைத் தாண்டித் தாண்டிப் போகும் பிள்ளை, ஒரு நாள் படிப்பையே விட்டுப் போய்விடும்.

நான்கு பேர், ஓர் அகராதி

இதற்குப் பெரிய செலவு இல்லை. நான்கு பிள்ளைகளுக்கு ஓர் அகராதி போதும். 40 பேர் உள்ள வகுப்புக்குப் பத்துப் புத்தகம். பாடமாக நடத்த வேண்டாம். விளையாட விடுங்கள்!

முதல் விளையாட்டு, சீட்டு அடுக்குதல். முந்தி, பட்டு, தறி, பாவு, ஊடை, நாடா என்று சீட்டுகளில் எழுதிக் கொடுங்கள். அகர வரிசையில் அடுக்க வேண்டும். ஊடை, தறி, நாடா, பட்டு, பாவு, முந்தி என்று வரும். பிறகு ஒரு சிக்கல் வையுங்கள். பட்டு, படம் இரண்டில் எது முன்னே? அகராதியில் புள்ளி வைத்த எழுத்துக்கே முதல் இடம். ஆகவே பட்டுதான் முன்னே!

இரண்டாவது, வேர் தேடுதல். "நெய்தார்கள்" என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. "நெய்" என்று பார்க்க வேண்டும். "வந்தான்" கிடைக்காது. "வா" என்று பார்க்க வேண்டும். இது தெரியாமல்தான் பல பிள்ளைகள், "அகராதியில் இல்லை" என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

மூன்றாவது, பொருள் வேட்டை. ஆற்றுக்கும் கரை, புடவைக்கும் கரை. காக்கையும் கரைகிறது, உப்பும் கரைகிறது. "அச்சு" என்றால் புத்தகம் அடிப்பது மட்டுமா? தறியில் பாவு நூல்களைப் பிரித்து நிறுத்துவதும் அச்சுதான். வகுப்பில் வாய் திறக்காத நெசவாளர் வீட்டுப் பிள்ளை, இங்கே முதல் ஆளாகக் கை தூக்கும்!

நால்வரில் ஒருவர் பக்கத்தைப் புரட்டட்டும். ஒருவர் படிக்கட்டும். ஒருவர் எழுதட்டும். ஒருவர் வாக்கியம் சொல்லட்டும். அடுத்த சுற்றில் வேலையை மாற்றுங்கள். கெட்டிக்காரப் பிள்ளை மட்டும் பதில் சொல்லும் வழக்கம் ஒழியும்.

புதுமை அல்ல

குழுவாக உட்கார்ந்து அட்டைகளை வைத்துப் படிப்பது நம் பள்ளிகளுக்குத் தெரியாதது அல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-ல் தமிழகம் எங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. 2022-ல் "எண்ணும் எழுத்தும்" திட்டம் பிறந்தது. இவற்றோடு அகராதியையும் சேர்த்தால் என்ன?

அந்தக் காலத்தில் சொற்பொருளைப் பாட்டாகப் பாடி வைத்தார்கள். அதற்கு நிகண்டு என்று பெயர். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். இத்தாலியில் பிறந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர், 1732-ல் "சதுரகராதி"யை ஆக்கினார். சொற்களை எழுத்து வரிசையில் வைத்தார். மனப்பாடம் செய்யாதவரும் தேடி எடுக்கலாம் என்று ஆயிற்று. நாமோ பிள்ளைகளை மறுபடியும் மனப்பாடத்துக்கே துரத்துகிறோம்!

"கைப்பேசியில் தட்டினால் பொருள் வருகிறதே, அகராதி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். வரும். ஆனால் கேட்ட சொல் மட்டும் வரும். அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது, பக்கத்தில் உள்ள பத்துச் சொற்களும் கண்ணில் படும். "கரை"யைத் தேடிய பிள்ளை, "கரைசல்" எது என்றும் தெரிந்துகொள்ளும்.

வீரமாமுனிவர் பிறந்த நவம்பர் 8-ம் நாளைத் தமிழக அரசு அகராதியியல் நாளாகக் கொண்டாடுகிறது. அன்று மேடைப் பேச்சோடு நிறுத்த வேண்டாம். எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் பீரோவைத் திறந்து, அகராதியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பக்கம் கிழிந்தால் கிழியட்டும். ஒட்டிக்கொள்ளலாம்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. தினமும் இரவில் பிள்ளையை ஒரு சொல் தேடச் சொல்லுங்கள். அது படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் படித்தவர் ஆவீர்கள்.

புடவைத் தலைப்பை நெய்து உலகுக்குக் கொடுக்கும் ஊர் காஞ்சி. அந்த ஊர்ப் பிள்ளைகள், பாடத்தின் தலைப்பையும் பிறர் உதவியின்றித் தாமே படித்துப் பொருள் கொள்ளட்டும்!