வீட்டுக் கைப்பணி: குரங்கு காக்கும் குல்லாய்கள்

மே முதல் டிசம்பர் வரை மழை ஓயாத நம் தீவில், ஈரம் ஏறாத பொருள் எவர் இல்லத்திலும் இராது. பள்ளியிலிருந்து வரும் பிள்ளை நனைந்த தொப்பியைக் கட்டில்மேல் எறிந்தால், சில நாளில் அதிற் பூசணம் பூத்துவிடும். ஆதலின், குழந்தையின் அறையில் மாட்டத்தக்க தொப்பித் தாங்கி ஒன்றைச் செய்யும் முறையை இம்மாதம் அன்பர்கட்கு எடுத்துரைக்கின்றோம்.

வெறும் பலகையில் ஐந்து முளைகளைச் செருகினாலும் தொப்பி தொங்கும். ஆயினும் பிள்ளை விரும்பி மாட்ட வேண்டுமே! அதற்கொரு கதை துணை செய்தது.

சிப்பிகாட்டில் நம் இல்லத்தில் ஆறு வயதுப் பேரன் ஒருவன் உளன். பள்ளியிற் கேட்ட கதையொன்றை ஒருநாள் ஆவலுடன் சொன்னான். குல்லாய் விற்பவன் மரத்தடியில் உறங்கியதும், குரங்குகள் குல்லாய்களை எடுத்து அணிந்ததும், அவன் தன் குல்லாயைக் கழற்றி எறிய அவையும் எறிந்ததுமாகிய பழைய கதைதான். முழுவதையும் இந்தியில் அழகாகச் சொன்னான். “தமிழிலே சொல்லப்பா” என்றோம். பாதியில் நின்றுவிட்டான். ‘குல்லாய்’, ‘கிளை’ என்னும் சொற்கள் அவனிடம் இல்லை. பிழை அவனதன்று, அக்கதையை நாம் அவனுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இத்தீவுகளில் 100 பேருக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். எண்ணிக்கை மட்டும் மொழியைக் காத்துவிடாது என்பதை அன்று உணர்ந்தோம். ருஷ்யாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எஸ்ஃபிர் ஸ்லோபோட்கினா அம்மையார் இக்கதையை 1940இல் ஆங்கிலப் படப்புத்தகமாக்கினார். எங்கெங்கோ குடிபெயர்ந்து வாழும் கதை, நம் வீட்டில் நம் மொழியில் வாழலாகாதா? அதனையே பலகையில் அமைப்பதென முடிவு செய்தோம்.

மரம்

படாக் மரம் அந்தமானுக்கே உரியது. கறையான் எளிதில் அண்டாது. 1883இல் நிறுவப்பெற்ற சாத்தம் மர ஆலையின் புகழுக்கு அதுவும் ஒரு காரணம். இங்குக் காட்டுமரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றம் 2002இல் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. எனவே புதுமரம் தேடி அலைய வேண்டா; பழங்கதவோ, உடைந்த கட்டிற் சட்டமோ போதும்.

நாம் எடுத்தது பழைய வீட்டுக் கதவுப் பலகை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்து, நிலமும் தாழ்ந்து, சிப்பிகாட்டு வயல்களில் உப்புநீர் நின்றபோது அவ்வீட்டை விட்டு மேட்டுக்கு வந்தோம். கதவை மட்டும் உடன் கொணர்ந்தோம். இத்தனை ஆண்டுக்குப்பின் இழைத்தபோதும் உள்ளே சிவப்பு மாறாதிருந்தது.

செய்முறை

பலகை 36 அங்குல நீளமும், 6 அங்குல அகலமும், முக்கால் அங்குலக் கனமும் இருக்கட்டும். பழைய ஆணிகளைப் பிடுங்கிய பின்னரே இழைப்புளி வைக்க வேண்டும். படாக் தூள் மூக்கையும் தோலையும் உறுத்துமாதலின் துணியால் முகத்தை மூடிக்கொள்க.

இரு முனைகளிலும் 4 அங்குலம் விட்டு, 7 அங்குலத்திற்கு ஒன்றாக ஐந்து இடங்களைக் கீழ்விளிம்பிலிருந்து 2 அங்குல உயரத்திற் குறித்து, அரை அங்குலத் துளையிடுக. முளைகளின் நுனி சற்றே மேல்நோக்குமாறு துளை சாய்ந்திருந்தால் தொப்பி நழுவாது. முளைகள் 4 அங்குல நீளம் இருக்கட்டும்; நுனியை உருட்டி உப்புத்தாளால் தேய்த்து, மரப்பசை தடவிச் செருகுக.

முதல் முளைக்கு மேலே குல்லாய்க்காரன். மற்ற நான்கிற்கு மேலே குரங்குகள். இவ்வுருவங்களை 6 அங்குல உயரத்தில் ஒட்டுப்பலகையில் அறுத்து, அடி 2 அங்குலம் பலகையிற் படிய, தலை மேலே தெரியுமாறு திருகுக. படம் வரையும் பொறுப்பைப் பிள்ளையிடமே விட்டுவிடுக. அந்தமான் தீவுகட்கு இயற்கையாக உரிய குரங்கினம் இல்லை. நிக்கோபாரில் மூன்று தீவுகளில்தான் உண்டு. நம் பேரன் குரங்கை நேரிற் கண்டதில்லை. அவன் வரைந்த ஒன்று பூனைபோல் இருந்தது, நாம் திருத்தவில்லை.

முதலில் நாம் இரும்பாணி அடித்தோம். ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து வெள்ளைத் தொப்பியிற் கறை ஏறிற்று. ஆதலின் பித்தளைத் திருகாணியே கொள்க. படாக் கடினமானது, சிறு துளையிட்ட பின்னரே திருகாணியை முறுக்குக. இறுதியில் ஆளிவிதை எண்ணெய் தடவி, நன்கு உலர்த்துக.

சுவரில் மாட்டும்போது முளை குழந்தையின் கண்ணுக்கு நேராக இருத்தல் ஆகாது. தலைக்குச் சற்று மேலாக, கையை உயர்த்தினால் எட்டும் உயரமே தகுந்தது.

கதை

உப்புத்தாள் தேய்த்த நான்கு மாலைகளிலும் கதையைத் தமிழிற் சொன்னோம். அவன் கேட்டான், இடைமறித்தான், பிறகு தானே சொல்லத் தொடங்கினான். குல்லாய்க்காரனின் முளையைத் தன் பள்ளித் தொப்பிக்கென வைத்துக்கொண்டான். குரங்குகளிடம் அதை ஒப்படைக்க அவனுக்கு மனமில்லையாம்.

பலகையை மாட்டிய அன்றிரவு மதுரையிலுள்ள தன் அத்தைக்குத் தொலைபேசியிற் கதை முழுவதையும் தமிழிலேயே சொன்னான். இடையில் இரண்டு இந்திச் சொற்கள் வந்தன. அத்தை அவற்றைப் பொருட்படுத்தாமல், “அப்புறம் குரங்கு என்ன செய்தது?” என்று கேட்டார்.

அன்பர்களே, பலகையைத் தச்சரிடம் கொடுத்தும் செய்விக்கலாம். கதையை மட்டும் நாமே சொல்ல வேண்டும்.