பழுதறி கருவிகளும் தமிழ்ப் பொதிகளும்

தமிழ்நாட்டில் பள்ளியாயினும் கல்லூரியாயினும் அரசு அலுவலகமாயினும், பழுதென்று ஒதுக்கிய கணினிகளை அடுக்கிவைத்த மூலையறை இல்லாத இடம் அரிது. அவற்றுள் ஒன்றைக் காட்டி, இதற்கு நேர்ந்த பழுது யாதென வினவின், ‘ஓடவில்லை’ என்னும் ஒரு சொல்லே விடையாக வரும். ஓடாமைக்குக் கரணியம் நினைவகத்தின் ஒரு சில்லோ, தேய்ந்த வன்தட்டோ, புழுதியடைத்த விசிறியோ, ஆற்றல் குன்றிய மின்கலமோ என்று எவரும் அறிந்திலர். மாட்டுக்கு நோய் வந்தால் நாவையும் கண்ணையும் சாணத்தையும் பார்த்தே நோய் இன்னதென்று சொல்லவல்ல உழவர் வாழும் மண்ணில், பல்லாயிரம் உருவா விலையுள்ள பொறியொன்று நோய் பார்ப்பார் இன்றிக் குப்பைக்குப் போகின்றது.

2011 செப்தம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் ஐம்பது இலக்கத்திற்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குச் சென்றன. மீண்டும் 2025-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்ட உரையில், ஈராண்டுகளில் இருபது இலக்கம் கல்லூரி மாணவர்க்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்பெறும் என்னும் அறிவிப்பு வந்தது. வழங்குதலைப் பற்றிப் பேசுவார் பலர். வழங்கிய பொறியைப் பேணுதல் பற்றிப் பேசுவார் மிகச் சிலர். முன்னைய கொடையில் வந்த பொறிகளில் விண்டோசுடன், நடுவணரசின் சிடாக்கு நிறுவனத்தார் தெபியனை அடியாகக் கொண்டு ஆக்கிய ‘பாசு’ என்னும் இலினக்சு இயங்குதளமும் இருந்தது. தமிழில் இயங்கவல்ல அத் தளத்தைத் திறந்து பார்த்த மாணவர் எத்தனை பேர்? திறந்து காட்டிய ஆசிரியர்தாம் எத்தனை பேர்? பொறியின் உடல்நிலையை அறியும் கருவிகளைப் பெறும் வாயில் அங்கேயே இருந்தது.

அக் கருவிகள் எவையெனச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். மெம்டெசுட்டு86+ என்பது நினைவகத்தை ஆய்வது. இயங்குதளம் ஓடுங்கால் நினைவகத்தின் ஒரு பங்கைத் தானே பிடித்துக்கொள்ளும். ஆகலின் இக் கருவி இயங்குதளம் எழுமுன்பே தனித்தெழுந்து, ஒவ்வொரு நினைவறையிலும் சுழியும் ஒன்றுமாகப் பல கோலங்களை எழுதி, எழுதியதை மீளப் படித்து, இரண்டும் வேறுபடும் அறையைக் காட்டிக்கொடுக்கும். ஒரு சில்லைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் தீரக்கூடிய நோய்க்கு முழுக் கணினியையும் எறிகின்றவர், இதனை ஓரிரவு ஓடவிட்டுப் பார்த்திருப்பின் எறிந்திரார்.

சுமார்ட்மான்டூல்சு என்னும் பொதியில் உள்ள கருவி, வன்தட்டு தன்னைப்பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் குறிப்பேட்டைப் படிப்பது. எத்தனை மணிநேரம் ஓடிற்று, எத்தனை முறை முடுக்கப்பட்டது, பழுதான கூறுகள் எத்தனைக்கு மாற்றிடம் தந்தது என்பனவெல்லாம் அக் குறிப்பேட்டில் உள. மாற்றிடம் பெற்ற கூறுகளின் எண்ணிக்கை கிழமைக்குக் கிழமை ஏறுமாயின், தட்டு சாகப்போகின்றது, உள்ளிருப்பவற்றை உடனே படியெடுத்துக்கொள்க என்பது பொருள். பள்ளியின் மதிப்பெண் பட்டியல் முழுவதையும் ஒரே தட்டில் வைத்திருக்கும் தலைமையாசிரியர்க்கு இவ்வொரு செய்தி எத்துணைப் பெரிது! எல்எம்-சென்சார்சு, வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் விசிறியின் சுழற்சியையும் உணரிகளிடம் கேட்டுச் சொல்லும். அதன் உடன்பிறப்பான பேன்கன்ட்ரோல், வெப்பத்திற்கேற்ப விசிறியின் விரைவைக் கூட்டிக் குறைக்கும். மேழத்திலும் விடையிலும் விழுப்புரத்து வெயிலில் ஓட்டுக்கூரையின்கீழ் ஓடும் கணினிக்கு விசிறிதான் உயிர். எசுட்ரெசு-என்சி என்பது பொறியின்மீது வேண்டுமென்றே பெருஞ்சுமை ஏற்றித் தாங்குகின்றதா என்று பார்ப்பது. வண்டி வாங்குவோர் பாரமேற்றி ஓட்டிப் பார்ப்பது போல்வது. எச்டிபார்ம், வன்தட்டுக்கு நேரே ஆணையிடுவது. இன்னும் பல உள. அனைத்தையும் ஈண்டு அடுக்குதல் வேண்டா.

இவையெல்லாம் கட்டற்ற மென்பொருள்கள். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குகின்றது. அதனால், 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்த இரிச்சர்டு சுடால்மன், தாம் கூறுவது விடுதலையையே, விலையின்மையை அன்று என்று மீண்டும் மீண்டும் விளக்க வேண்டியதாயிற்று. தமிழுக்கு அத் தொல்லை இல்லை. விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. அரசு தந்தது விலையில்லாக் கணினி. அதனைக் கட்டற்ற கணினியாக ஆக்கிக்கொள்ளுதல் பெற்றவர் கையில் இருந்தது.

இவ் வேறுபாடு வெறுஞ் சொல்லாய்வு அன்று என்பதற்கு மெம்டெசுட்டின் வரலாறே சான்று. 1994-இல் கிறிசு பிரேடி என்பார் ஆக்கிய மெம்டெசுட்டு86 கட்டற்றதாகவே தொடங்கிற்று. 2013-இல் அது பாசுமார்க்கு என்னும் வணிக நிறுவனத்திடம் சென்றபின், புதிய பதிப்புகளின் மூலநிரல் மூடப்பட்டது. ஆயினும் 2004-இலேயே அதன் கட்டற்ற நிரலினின்று கிளைத்த மெம்டெசுட்டு86+ அதனால் அழியவில்லை. புதுவகைத் தொடக்கமுறை உள்ள கணினிகளில் அது பல்லாண்டு ஓடாதிருந்தது. 2022-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு அக் குறையையும் நீக்கிற்று. நிரல் திறந்து கிடந்தமையாலன்றோ வேறு கைகள் எடுத்துப் பேண முடிந்தது!

இனி, கருவி இருந்தால் மட்டும் போதாது. அது பொதியாதல் வேண்டும். பொதி என்பது பழந்தமிழ்ச் சொல். வணிகர் எருதின்மேல் ஏற்றிச் சென்றதும் பொதி. வழிநடைக்குக் கட்டிய சோறும் பொதிசோறே. மென்பொருளுக்கும் அச் சொல்லையே வழங்கத் தொடங்கியவர் நன்றே செய்தனர். நெடுவழி செல்லும் பொருள் சிந்தாமல் சிதறாமல் போய்ச் சேருமாறு கட்டுதலே ஈண்டும் தொழில்.

1993 ஆகத்து 16-ஆம் நாள் ஈயன் மருடாக்கு தொடங்கிய தெபியன், 2025 ஆகத்தில் வெளியிட்ட பதின்மூன்றாம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பொதிகளைத் தருகின்றது. அவற்றைக் கட்டுவோர் உலகெங்கும் பரவிய தொண்டர். பொதி கட்டுவார் முதற்கண் உரிமத்தைக் கோப்புக்குக் கோப்பு பார்த்து, கட்டற்றதுதானா என்று உறுதிசெய்து எழுதிவைத்தல் வேண்டும். பின்னர், இக் கருவி எவ்வெப் பொதிகளைச் சார்ந்தது, எவ்வகைப் பொறிகளில் ஓடும், யார் பேணுவார், என்ன பயன் தரும் என்பவற்றைக் கட்டுப்பாட்டுக் கோப்பிற் குறித்தல் வேண்டும். கட்டும் முறைக்கு ஒரு கோப்பு. மாற்றங்களின் வரலாற்றுக்கு ஒரு கோப்பு. கட்டியதை வேறெதுவும் கலவாத தூய சூழலில் மீண்டும் கட்டிப் பார்த்தல் வேண்டும். புதிய பொதியாயின், களஞ்சியக் காவலர் பார்த்து ஒப்பும்வரை வாயிலிலேயே காத்திருக்கும். உள்ளே புகுந்த பின்னும் முதலில் நிலையாக் கிளையிலும், பெருங்குற்றம் காணப்படாவிடின் சில நாள் கழித்து ஆய்வுக் கிளையிலும் இருந்து, ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை வரும் நிலைப்பதிப்பிலேயே நிலைபெறும். கூலியின்றிச் செய்யப்படும் பணிக்கு இத்துணைக் கண்டிப்பா என்று வியப்பார் உளர். கூலியின்றிச் செய்வதனாலேயே இக் கண்டிப்பு வேண்டுவதாயிற்று. கேடு நேர்ந்தால் வழக்குத் தொடுத்து ஈடு பெறுதற்கு அங்கே வணிகன் ஒருவனும் இலன்.

கேடு நேர்தலும் உண்டு. சொற்செயலி பிழைத்தால் ஒரு பக்கம் கெடும். வன்பொருளை ஆளும் கருவி பிழைத்தால் பொறியே கெடும். 2003-இல் மாண்டிரேக்கு 9.2 என்னும் இலினக்சு வெளியீட்டை நிறுவியவர் சிலருடைய எல்.சீ. நிறுவனக் குறுந்தட்டு இயக்கிகள் பயனற்றுப் போயின. இடைச்சேமிப்பை வெளியேற்றுமாறு இட்ட பொதுவான ஆணையை, அவ் வியக்கிகள் தம் நிலைபொருளை மாற்றும் ஆணையாகக் கொண்டமையே கரணியம். அதற்கும் முன்னர், உணரிகளைத் தேடும் எல்எம்-சென்சார்சு கருவியால் ஐ.பி.எம். நிறுவனத்தின் திங்குபேடு மடிக்கணினிகள் சில, உள்நினைவுச் சில்லு சிதைந்து, தொடங்கவே மாட்டாமற் போயின. பின்னர் அந் நிறுவனப் பொறியென்று கண்டால் இயங்க மறுக்குமாறு உரிய இயக்கிநிரல் திருத்தப்பட்டது. தேடுதல் என்னும் சிறு செயலே இவ்வளவு செய்யுமாயின், ஆளுதல் எவ்வளவு செய்யாது!

இங்கேதான் மொழிச் சிக்கல் தலைதூக்குகின்றது. எச்டிபார்மின் கேடுதரும் ஆணைகள் சிலவற்றை இடவேண்டுமாயின், ‘செய்வது இன்னதென்று அறிவேன், ஆம்’ எனப் பொருள்படும் நீண்ட ஆங்கிலத் தொடரொன்றையும் உடன் தட்டச்சிடல் வேண்டும். ‘என் தட்டை அழித்துவிடுக’ என்று வேண்டிக்கொள்ளும் தொடரும் ஒன்றுண்டு. ஆக்கியோன் அறிவாளி, ஆங்கிலம் அறிந்தவனுக்கு அதனைத் தட்டும்போதே கை கூசும். அறியாத மாணவனோ எங்கோ கண்டதைக் கண்டவாறே தட்டுவான். அவனுக்கு அஃது எச்சரிக்கை அன்று; பொருளறியாது முணுமுணுக்கும் மந்திரம். தாய்மொழியில் வாராத எச்சரிக்கையால் காக்கப்படுவோன் எவன்?

இந் நிலையில் விழுப்புரம் ஓரடி முன்வைத்திருக்கின்றது. அங்குள்ள குனூ/இலினக்சு பயனர் குழுவினர் ஊர்ப்புற மாணவர்க்குக் கட்டணமின்றிக் கட்டற்ற மென்பொருள் கற்பித்து வருகின்றனர். தி.பி. 2054 சுறவத் திங்களில், அஃதாவது 2023 சனவரி 28, 29 ஆகிய நாள்களில், தெபியனின் தமிழ்நாட்டுச் சிறுமாநாடு சென்னையிலன்றி விழுப்புரத்திலேயே நடைபெற்றது. அதே ஆண்டு செப்தம்பரில் தெபியனின் உலக மாநாடு கொச்சியிற் கூடிற்று. கேரளத்துக்கு அச் சிறப்பு வாளா வந்ததன்று; அந் நாட்டரசு பள்ளிக் கணினிகளில் கட்டற்ற இயங்குதளத்தையே நிறுவி, மலையாளத்தில் வழங்கி, ஆசிரியர்க்குப் பயிற்சியும் தந்து பல்லாண்டு உழைத்ததன் விளைவு.

விழுப்புரத்திற்கு ஏறத்தாழ இருபத்தைந்து கல் வடக்கே திண்டிவனம். ஈரூர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியற் கல்லூரிகள் உள. அரசு கலைக் கல்லூரிகளும் உள. நிரலறிந்த இளைஞரும் தமிழறிந்த ஆசிரியரும் ஒரு பேருந்துச் செலவில் ஒருவரை ஒருவர் காணலாம். (திண்டிவனம் என்பதே ‘திந்திரிணி வனம்’ என்னும் வடசொற்றொடரின் சிதைவென்பர், புளியங்காடு என்பது பொருள். தன் பெயரையே அயன்மொழியிற் சுமக்கும் ஊர் கருவிகளுக்குத் தமிழ்விளக்கம் தருவதில் முந்துமாயின் அதுவும் ஓர் ஈடே.)

தூய தமிழ்ப் பற்றாளர் சிலர் இடறும் இடமும் ஒன்றுண்டு. கருவியின் ஆணைப்பெயரையே மொழிபெயர்த்துவிட விழைவர். அது வேண்டா. தட்டச்சிடும் பெயர் உலகெங்கும் ஒன்றாக இருந்தாலன்றிக் கருவி அழைத்தவுடன் வாராது. சார்ந்து நிற்கும் பிற பொதிகளும் அதனைக் காணா. தமிழ் வேண்டப்படுவது விளக்கத்தில், கையேட்டில், எச்சரிக்கையில், திரையில் வரும் விடையில். தெபியனிலே பொதிதோறும் உள்ள விளக்கவுரையை எம்மொழியிலும் பெயர்த்துச் சேர்த்தற்கு வழி வகுத்துள்ளனர். ஒருவர் பெயர்க்க, பிறர் பார்த்து ஒப்பியபின் அது களஞ்சியத்திற் சேரும். இத்தாலியரும் செருமானியரும் சப்பானியரும் அவ்வழியே மிகப் பலவற்றைத் தம் மொழியில் ஆக்கிக்கொண்டனர். தமிழ் மிகவும் பின்தங்கியுள்ளது. சொல் இல்லாமையாலா? அன்று. வன்தட்டு, உணரி, நிலைபொருள், களஞ்சியம், பேணுநர் என்பன ஏற்கெனவே உள. 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே எழுதலாம் என்பதைக் காட்டிவிட்டது. கலைச்சொற் பட்டியல்கள் அச்சேறி நூலக அடுக்கில் உறங்குவனவும் பல. ‘சோதனை’ வடசொல் என்று கடிந்து, ஆய்வா, தேர்வா, ஓர்வா என்று மூன்று கூட்டங்கள் கூடி முடிவுசெய்யாமற் கலைந்த புலவர் கூட்டத்தைவிட, ‘நினைவகத்தை ஆய்ந்து பழுதறியும் கருவி’ என்று ஒரு வரி எழுதிச் சேர்க்கும் மாணவி தமிழுக்கு மிகுதியாகச் செய்தவளாவாள்.

எழுபதாயிரமும் வேண்டா. மெம்டெசுட்டு86+, சுமார்ட்மான்டூல்சு, எல்எம்-சென்சார்சு, எச்டிபார்ம் என்னும் நான்கே இப்போதைக்குப் போதும். ஒரு விளக்கவுரை பெரும்பாலும் பத்து வரிக்கு மேற்படாது. பொறியியல் மாணவர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் ஒரு ஞாயிற்றில் முடித்துவிடலாம். எச்டிபார்மின் கையேடு மட்டும் நெடியது, பிழைபடின் கேடும் பெரியது. அதனைக் கருவியறிந்த மூவர் பாராமல் வெளியிடலாகாது. விளக்கவுரைகள் அமைந்தபின் பொதி கட்டவே பழகுதல் வேண்டும். பேணுவார் இன்றிக் கைவிடப்பட்ட பொதிகளின் பட்டியலைத் தெபியனே வெளியிடுகின்றது. புதியவர் கட்டியதைப் பார்த்துத் தம் கையொப்பத்துடன் ஏற்றித்தரும் மூத்தோரும் அங்கு உளர்.

ஈரூர்க் கல்லூரிகளும் தத்தம் மூலையறையினின்று பத்துப் பத்துப் பொறிகளை வெளியே எடுக்கட்டும். ஓரிரவு நினைவகத்தை ஆயவிட்டு, மறுநாள் வன்தட்டின் குறிப்பேட்டைப் படித்து, எப்பொறிக்கு எது பழுது என்பதைத் தமிழில் எழுதி ஒவ்வொன்றின்மேலும் ஒட்டட்டும்.