வெட்டிக்கு இங்கிலீஷில் இன்டர்ன்ஷிப்

செஞ்சிக்கு ரயில் கிடையாது. பஸ் ஏறித் திண்டிவனம் போய், அங்கேயிருந்து சென்னைக்குப் போகணும். எஞ்சினியரிங் கன்சல்டன்சி கம்பெனிகள் அங்கேதான் கடை விரித்திருக்கின்றன. ரோடு, பாலம், மெட்ரோ ரயில், பாதாளச் சாக்கடை என்று அரசாங்கம் போடுகிற திட்டங்களுக்கு ஏசி அறையில் உட்கார்ந்து டிசைன் போட்டுக் கொடுப்பது இவர்கள் தொழில். கோடை லீவில் சிவில் படிக்கிற பசங்களை நாலு வாரம், ஆறு வாரம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். யாரை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. காலனியிலிருந்து நம்ம புள்ளைங்க அங்கே போகிறார்கள். எப்படிப் போனார்கள்? ரேங்க் லிஸ்ட் ஒட்டினான், கவுன்சிலிங் வைத்தான், பட்டியல் சாதிக்கு 18 சதவீதம், அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்று ஒதுக்கினான். அந்தக் கதவைத் திறக்கவே எத்தனை தலைமுறை ரத்தம் சிந்திச்சு. உள்ளே போனால் இன்னொரு கதவு. இதுக்கு ரேங்க் லிஸ்ட் இல்லை. கவுன்சிலிங் இல்லை. ரோஸ்டர் இல்லை. 'எங்க சித்தப்பா அங்க ஜி.எம்.மா இருக்காரு' என்கிறவனுக்குத் திறக்கும். புரொபசர் போன் எடுத்துப் பேசினால் திறக்கும். புரொபசர் யாருக்காகப் போன் எடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி வருஷம் கேம்பஸ் இன்டர்வியூவில் முதல் கேள்வியே 'எங்கே இன்டர்ன்ஷிப் பண்ணினே?' நம்ம பையன் பயோடேட்டாவில் அந்த இடம் காலி. அந்தக் காலிக்கு அவர்கள் வைத்திருக்கிற பேர் தகுதிக் குறைவு. தகுதி, தகுதி என்று வாய் வலிக்கப் பேசுகிறவர்கள் இந்தச் சித்தப்பா கோட்டாவைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே படிப்பு, ஒரே தகுதி. விண்ணப்பத்தில் பெயரை மட்டும் மாற்றித் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு குறைந்தது. நம்ம ஊரில் பேருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை, அந்த வழி அடைபட்டுப்போச்சு என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அடைபடவில்லை தோழர். 'நேட்டிவ் எது? எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாரு?' மூணு கேள்வியில் வேலை முடிஞ்சு போவுது.

அப்புறம் கூலி. பல இடங்களில் ஒரு பைசா கிடையாது. 'கத்துக்கறதே கூலி' என்பார்கள். இந்தப் பேச்சு நமக்குப் புதுசா? செத்த மாட்டைத் தூக்கினவனுக்கு, பறையடித்தவனுக்கு, சாவு சொல்லப் போனவனுக்கு ஊர் என்ன கூலி கொடுத்தது? அதுக்கு வெட்டி என்று பேர். அப்பன் சம்பாத்தியத்தில் ஆறு வாரம் சென்னையில் சாப்பிடுகிறவனுக்குச் சம்பளமில்லாத வேலை ஒரு முதலீடு. மே மாசம் சென்ட்ரிங் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய் அடுத்த செமஸ்டர் பீஸ் சேர்க்கிறவனுக்கு அது வெட்டி. நான் பேங்கில் குமாஸ்தா, கல்விக்கடன் பாரம் கை வழியாகத்தான் போகிறது. படிப்பை முடிக்கத் தேவையான மற்ற செலவு என்று அதிலே ஒரு இடம் இருக்கு. வேண்டுமானால் அதில் எழுதிக் கேட்கலாம். அதாவது கூலியில்லாமல் வேலை செய்ய வட்டிக்குக் கடன் வாங்கு!

இடம் கிடைத்தாலும் தங்குவது எங்கே? 1917இல் பரோடா சமஸ்தானத்தில் அம்பேத்கருக்கு உத்தியோகம் இருந்தது, கொலம்பியாவில் படித்த படிப்பு இருந்தது, தங்க ஒரு அறை இல்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து துரத்தினார்கள். இன்றைக்குத் தடி இல்லை. 'நீங்க நான்வெஜ்ஜா?' போதும்.

டிசைன் டேபிளில் யார் உட்காருகிறார் என்பது வேலைவாய்ப்புப் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். பாதாளச் சாக்கடை டிசைன் போடுகிறவர்கள் வேதம் மாதிரி வைத்திருக்கும் மத்திய அரசின் கையேட்டில், கையால் சுத்தம் செய்ய வேண்டிய குழாய்க்கு 30 மீட்டருக்கு ஒரு மேன்ஹோல் என்று கணக்கு உண்டு. யார் கை? வரைகிறவனுக்குத் தெரியும், எழுதவில்லை. குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 அக்டோபரில் 30 லட்சம் ஆக்கியது. ரேட் ஏறியிருக்கு. மிஷின் இறங்காத குழியை வரையாதே என்று அந்த மேசையில் சண்டை போட, குழியில் அப்பனைப் பறிகொடுத்தவன் ஒருவன் அங்கே உட்கார வேண்டாமா?

தனியாரில் இட ஒதுக்கீடு சட்டத்துக்கு விரோதம் என்பான். பொய். அப்ரென்டிஸ் சட்டம் 1961. அதில் 1973இல் சேர்த்த 3ஏ பிரிவைப் புரட்டிப் பாருங்கள். பயிற்சி இடங்களில் பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் முதலாளி இடம் ஒதுக்க வேண்டும் என்று இருக்கிறது, தனியார் முதலாளிக்கும் சேர்த்து. ஐடிஐ பிட்டருக்குச் செல்லுபடியாவது பி.இ. மாணவனிடம் வந்ததும் ஏன் செத்துப்போகிறது? இன்டர்ன் அப்ரென்டிஸ் இல்லையாம், மாணவனாம். சரி, மாணவன் என்றே வைத்துக்கொள்வோம். ஏஐசிடிஇ பட்டம் முடிவதற்குள் 600 முதல் 700 மணி நேரம் இன்டர்ன்ஷிப் என்று வைத்து, அதற்கு கிரெடிட்டும் போடுகிறது. கிரெடிட் கிடைத்தால் அது வகுப்பறை. கம்பெனிக்குள் நடக்கிற வகுப்பறை. தனியார் கல்லூரிச் சேர்க்கைக்கே இட ஒதுக்கீடு தரலாம் என்கிற 15(5)இன் நியாயம் இந்த வகுப்பறை வாசலில் மட்டும் ஏன் நின்றுவிட வேண்டும்? அரசாங்க டெண்டரில் கொழுக்கிற கம்பெனிக்கு, டெண்டர் நிபந்தனையாகவே இதை வைக்கலாம்: கவுன்சிலிங் வழியாக ஆள் எடு, 69 சதவீத ரோஸ்டர் போடு, குறைந்தபட்சக் கூலி கொடு. பிரதமர் இன்டர்ன்ஷிப் என்று 2024 அக்டோபரில் ஆரம்பித்தார்கள், மாசம் 5,000 ரூபாய். முழுநேரம் படிக்கிறவன் விண்ணப்பிக்க முடியாது என்று அப்போது விதி வைத்தார்கள். நமக்கென்ன அதில்?

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. ரோடு, பார்க்கிங், பராமரிப்பு என்று திட்ட அறிக்கை போட இனி கன்சல்டன்சிகள் வருவான்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையைக் காட்டுவார்கள். நாலாவதாகச் சின்னதாக ஒரு குன்று இருக்கு. பேர் சக்கிலிதுர்க்கம். அதை யாரும் காட்டுவதில்லை. சர்வே எடுக்கையில் வெயிலில் ஸ்டாஃப் பிடித்து நிற்க நம்ம காலனியில் தினக்கூலிக்கு ஆள் கேட்பார்கள், கருவிக்குப் பின்னால் கண்ணை வைத்து அளக்கிறவன் சென்னையிலிருந்து வந்த இன்டர்னாக இருப்பான்.

விழுப்புரம், திண்டிவனம் கல்லூரி மாணவத் தோழர்கள் இதைச் செய்யுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கல்லூரிக்கு ஒரு மனு போடுங்கள். கடந்த மூன்று வருஷத்தில் எத்தனை பேர் எந்தெந்தக் கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் போனார்கள், சாதிப் பிரிவுவாரியாக எத்தனை, எத்தனை பேருக்கு உதவித்தொகை, கல்லூரி கொடுத்த பரிந்துரைக் கடிதங்கள் எத்தனை. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் நகல் எடுத்து இங்கே அனுப்புங்கள், அச்சிடுவோம்.