பன்னீர் திராட்சையின் தாய்வீடு

கேள்வி: ''இரண்டரை ஏக்கரில் பன்னீர் திராட்சை இருக்கிறது. ஒரு வெட்டுக்கு நல்ல விலை கிடைத்தால், மறு வெட்டுக்குப் பறிகூலிகூட மிஞ்சுவதில்லை. பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு. இத்தாலியில் சிறு விவசாயிகளே ஒயின் தயாரித்துப் பிழைக்கிறார்களாமே, நாமும் செய்யலாமா?''
- வாசகர், தொண்டாமுத்தூர், கோவை மாவட்டம்.

பதில்: முதலில் சட்டம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் குற்றம். திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்து ஒயின் ஆக்குவதும் இதில் அடங்கும். உரிமம் பெற்று ஆலை அமைப்பது இரண்டரை ஏக்கர்காரர் தனியாகத் தாங்கும் செலவு அல்ல.

அடுத்து, பழம். பன்னீர் திராட்சையின் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ஸ்கியாவா குரோசா என்ற கறுப்புத் திராட்சையும், அலெக்சாண்டிரியா மஸ்கட் என்ற வெள்ளைத் திராட்சையும் சேர்ந்து பிறந்தது. வாசனை மஸ்கட் வழியாக வந்தது. தாய் ரகமான ஸ்கியாவா, வட இத்தாலியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள ஆல்டோ அடிஜே என்ற சிறு பகுதியில் காலங்காலமாக விளைகிறது. அங்கும் பந்தல் முறைதான். கல்தூணுக்குப் பதிலாக மரச்சட்டம், அவ்வளவே வித்தியாசம். ஒரு குடும்பத்தின் திராட்சை நிலம் சராசரியாக ஒரு எக்டரை ஒட்டித்தான் இருக்கிறது. அதாவது, கேள்வி கேட்ட வாசகரின் தோட்டம் அளவுதான்.

ஆனால், அங்குள்ள பெரும்பாலான விவசாயிகள் தாங்களாக ஒயின் தயாரிப்பதில்லை. பழத்தைக் கூட்டுறவு ஆலைக்குக் கொடுக்கிறார்கள். அப்பகுதி ஒயினில் சுமார் 70 சதவிகிதம் கூட்டுறவு ஆலைகளில் உருவாகிறது. 1893-லேயே தொடங்கிய சங்கங்கள் இன்றும் நடக்கின்றன. உறுப்பினர் பழத்தைச் சங்கத்துக்கே கொடுக்க வேண்டும். எடையை மட்டும் பார்க்காமல், பழத்தின் சர்க்கரை அளவையும் தரத்தையும் பார்த்துப் பணம் தருகிறார்கள்.

அவர்களும் அடிபட்டுத்தான் இதைக் கற்றார்கள். ஒரு காலத்தில் ஸ்கியாவாவை அதிகமாகக் காய்க்கவிட்டு, நீர்த்த ஒயினை மலிவு விலைக்கு அண்டை நாடுகளுக்கு அனுப்பினார்கள். பெயர் கெட்டது, விலையும் விழுந்தது. 1980-களில் பாதிக்கு மேல் நிலத்தில் இருந்த ஸ்கியாவா, இன்று பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. பலர் வெள்ளை ரகங்களுக்கு மாறினார்கள். தாய் ரகத்தை விடாதவர்கள், குலைகளைக் குறைத்துத் தரத்தைக் கூட்டி மறுபடி விலை பெறுகிறார்கள்.

நம் பன்னீர், ஒயினுக்கு ஏற்றதா? லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவிகித ஆல்கஹால் வரும். 12 சதவிகிதத்துக்கு லிட்டரில் 200 கிராமுக்கு மேல் சர்க்கரை வேண்டும். எக்டருக்கு ஆண்டுக்கு 30 டன் என்ற கணக்கில், இரண்டு வெட்டாக மகசூல் எடுக்கும் பந்தலில் அந்த இனிப்பு ஏறுவது கடினம். நல்ல ஒயினுக்கு அவர்கள் எடுப்பது ஆண்டுக்கு ஒரே அறுவடை. மகசூலும் இதில் பாதிக்குக் குறைவு. பழமாக விற்பதற்கான மகசூலையும் ஒயினுக்கான பழத்தையும் ஒரே கொடியில் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே, தாய்வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒயினை அல்ல, கூட்டாக விற்கும் ஏற்பாட்டை. மார்கழி-தை, வைகாசி-ஆனி என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கவாத்து செய்தால், பழமும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும். வியாபாரி சொன்னதுதான் விலை. கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து மாதம் மாறுவதால் ஆண்டு முழுக்கப் பழம் கிடைக்கிறது. 'கம்பம் பன்னீர் திராட்சை' 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றது. அந்தப் பெயரைக் கோவை விவசாயிகள் பயன்படுத்த முடியாது. ஆனால், தொண்டாமுத்தூர், மாதம்பட்டி, நரசீபுரம் பகுதியில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கவாத்து நாளைப் பங்கிட்டுக்கொள்ளத் தடை ஏதும் இல்லை.

குலைகளைக் குறைத்து, நன்கு பழுத்ததைத் தரம் பிரித்து ஒரே பெட்டியில், ஒரே பெயரில் அனுப்பலாம். கழிவாகும் பழத்தைச் சாறாக்கலாம். விதை இருப்பதால் உலர்திராட்சைக்கு இது ஏற்றதல்ல. சாறு விற்பனைக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் தேவை. பழம் பதப்படுத்தும் பயிற்சி குறித்துக் கோவை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் விசாரிக்கலாம்.

தென்னை பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். பிரித்த பந்தலை மறுபடி போட, தூணுக்கும் கம்பிக்கும் இன்றைய விலை கொடுக்க வேண்டும். கொடிகள் நன்றாக இருந்து, தண்ணீரும் போதுமான அளவு இருந்தால், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களோடு பேசி இரண்டு கவாத்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.