சின்ன விசிறிக்கும் நல்ல வடிகட்டி வேண்டும்

ஈப்போவில் 22 ஆண்டுகளாக ஏர்கோன் வேலை செய்கிறேன். 2019 செப்டம்பர், சுமத்ராவின் புகைமூட்டம் நம் ஊர்களை மூடியிருந்த நேரம். பாலர் பள்ளி ஒன்றிலிருந்து அழைத்தார்கள். பசுமைக் கட்டடம் என்று சான்று வாங்கிய இடம். சன்னல்களை எல்லாம் அடைத்தும் வகுப்புக்குள் கருகல் வாடை.

சீலிங் பலகையைக் கழற்றினேன். வெளிக்காற்றை இழுக்க ஒரு சின்ன விசிறி, அதன் வாயில் நைலான் வலை. அது கொசுவைத் தடுக்கும், புகையைத் தடுக்காது. புகையின் நுண்துகள் 2.5 மைக்ரோனுக்கும் சிறியது. தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. விசிறியை நிறுத்தினாலோ பிள்ளைகள் விடும் மூச்சிலேயே அறை புழுங்கிவிடும்.

அமெரிக்காவின் லீட் என்ற பசுமைக் கட்டடச் சான்று, வெளிக்காற்று நுழையும் வழியில் மெர்வ் 13 என்ற தரமுள்ள வடிகட்டி கேட்கிறது. 0.3 முதல் 1 மைக்ரோன் வரையுள்ள துகள்களில் பாதியையாவது அது பிடித்தாக வேண்டும். 2009-இல் வந்த நம் நாட்டுப் பசுமைக் கட்டடச் சான்றான ஜிபிஐ, குடியிருப்பல்லாத புதிய கட்டடங்களுக்கு 100 புள்ளியில் மின்சிக்கனத்துக்கு 35 தருகிறது, உட்புறச் சூழலுக்கு 21. மின்சாரத்தில் காட்டும் கண்டிப்பு மூச்சுக்காற்றிலும் வேண்டும்.

“அண்ணே, சின்ன ஃபேன். அந்த ஃபில்டரப் போட்டா காத்தே வராது” என்பார்கள் கட்டடக் குத்தகையாளர்கள். பாதி உண்மைதான். அதே தரத்தில் அகலமான, மடிப்பு அதிகமுள்ள வடிகட்டியைப் போட்டால் காற்று பரவி மெதுவாக நுழையும், தடை குறையும். அதற்கான இடத்தையும் விசிறியையும் வரைபடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். கட்டி முடித்தபின் என்னைக் கூப்பிட்டால் சீலிங்குக்கு மேல் ஒரு சாண் இடம்கூட இருப்பதில்லை.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில், ரப்பர் தாள்களைப் புகையில் உலர்த்தும் கூடத்தில் வேலை செய்தவர். லயத்துக்குத் திரும்பும்போது சேலையெல்லாம் புகை வாடை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வதுதான் அவருக்கு வாய்த்த வடிகட்டி. அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. அவருடைய பேரப்பிள்ளைகள் ஏர்கோன் வகுப்பில் படிக்கிறார்கள். ஆனாலும் புகைமூட்டம் இல்லாத நாளிலும் ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகளை உடைக்கும் குவாரித் தூசு இருக்கிறது.

விசிறி எவ்வளவு சிறியதானாலும் மெர்வ் 13 இல்லாத கட்டடத்துக்குப் பசுமைச் சான்று தரக்கூடாது. பெற்றோரே, பிள்ளையைச் சேர்க்கப் போகும் இடத்தில் வடிகட்டியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதன் சட்டத்தில் தரம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.